ஊர் கேட்ட செவ்வாய்க்கிழமை

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் தங்கைமாருக்கும் தம்பிமாருக்கும்,

பல்கலைக்கழக மாணவர் சுகாதார நிலையத்தில் பத்தொன்பது வருடம் தாதியாக இருந்துவிட்டு, இப்போது முழங்கால் வலியோடு வீட்டில் இருப்பவள் எழுதுகிறேன். கையேட்டில் இல்லாத ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டிருந்தீர்கள். கருத்தடை முறைகள் எத்தனை, எந்தப் படிவத்தில் எதை நிரப்புவது என்பதெல்லாம் சுற்றறிக்கைகளில் இருக்கிறது. அவற்றை ஒருவரும் வாசிப்பதில்லை என்பது வேறு கதை. நான் எழுதுவது நான் விட்ட ஒரு பிழையைப் பற்றி. இதைச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆனால் நான் இருந்த கதிரையில் இப்போது நீங்கள் இருக்கிறீர்கள், நீங்களும் இந்த யாழ்ப்பாணக் குடாநாட்டு ஆட்கள்தான். ஆகவே சொல்லத்தான் வேண்டும்.

எங்கள் அறைக்கு வருகிற பிள்ளை எதற்காக வந்தது என்பதை முதலில் சொல்லாது. தலையிடி என்று சொல்லும். வயிற்றுக்குத்து என்று சொல்லும். நித்திரை வரவில்லை, தடிமன், பனடோல் இருக்கிறதா என்று கேட்கும். அதைக் கொடுத்து அனுப்பினால் போய்விடும். கொஞ்ச நேரம் சும்மா இருக்க விட்டால், சிலவேளை உண்மை வெளியே வரும். மாதம் தப்பிவிட்டது என்பார்கள், அந்த இடத்தில் புண் என்பார்கள், காதலித்தவன் படம் எடுத்து வைத்திருக்கிறான் என்பார்கள். அந்தக் கொஞ்ச நேரத்தில் நாங்கள் என்ன செய்கிறோம் என்பதுதான் எங்கள் வேலை. நான் அந்த நேரத்தில் ஊர் விசாரித்தேன்.

நீங்கள் சிரிப்பீர்கள். எங்கள் ஆட்கள் இரண்டு பேர் பஸ்ஸில் பக்கத்தில் இருந்தாலே எந்த ஊர், எந்தப் பக்கம், ஆற்றை பிள்ளை, யார் பெற்றது என்று தொடங்கி, இறங்குவதற்குள் ஒரு சொந்தத்தைக் கண்டுபிடித்துவிடுவோம். அதில் நான் பெயரெடுத்தவள். அப்பா மிஷன் பள்ளிக்கூடங்களில் படிப்பித்தவர், மாற்றலாகி மாற்றலாகிக் குடாநாடு முழுக்க இருந்திருக்கிறோம். பிறகு இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் இன்னும் நூறு குடும்பங்களைத் தெரிய வந்தது. யுத்தம் முடிந்த பிறகு ஊர் கேட்பது எனக்கு வெறும் விடுப்பு, வம்பளப்பு இல்லை. ஊரைச் சொல்லி, தகப்பன் பெயரைச் சொல்லி, அவர்கள் உயிரோடு இருக்கிறார்கள் என்று அறிந்து எத்தனையோ தடவை கண் கலங்கியிருக்கிறேன். மூன்று கேள்வியில் எந்தப் பிள்ளையையும் யாரோ ஒருவருடைய பிள்ளையாக்கிவிடுவேன். அதனால் பிள்ளைகளுக்கு என்னிடம் பயமில்லை என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

எங்களுக்குப் பொறுப்பாக ஒரு பெண் டொக்டர் இருந்தார். மலையகத்தில் பிறந்தவர், என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். திங்களும் வியாழனும் மட்டும் வருவார். அந்த இரண்டு நாளும் வெளியே பிள்ளைகள் காத்திருக்கிற வாங்கு நிறைந்திருக்கும். மற்ற நாட்களில் தடிமனும் காய்ச்சலும்தான். டொக்டர் நின்றால் எல்லோரும் டொக்டரிடம்தானே போவார்கள் என்று நினைத்தேன். ஒருநாள் அவரே தேநீர் குடித்துக்கொண்டு சொன்னார்.

“எனக்கு இங்க யாரையும் தெரியாது மிஸ். அதனாலதான் என்கிட்ட வர்றாங்க.”

பகிடி என்று நினைத்து நானும் சேர்ந்து சிரித்தேன்.

அதற்கு முதலே ஒருவன் எனக்குச் சொல்லியிருக்கிறான். நீர்வேலிப் பொடியன். மூன்று தடவை இருமல் என்று வந்தான். நெஞ்சில் வைத்துப் பார்த்தால் ஒன்றுமில்லை. அவனுடைய மாமா வாழைக்குலை வியாபாரி, எங்கள் வீட்டு விசேஷங்களுக்கெல்லாம் குலை தருகிறவர் என்று முதல் நாளே கண்டுபிடித்துவிட்டேன். படிப்பு முடிந்து போகிற அன்று வந்து நின்று சொன்னான்.

“மிஸ், அந்த நேரம் எனக்கு இருமல் இல்லை. மூத்திரம் எரிஞ்சது. வவுனியாவுக்கு பஸ்ஸிலை போய் மருந்தெடுத்தனான்.”

“ஏன் மோனை, இஞ்சை சொல்லியிருக்கலாம் தானே?”

“நீங்கள் மாமாவோடை கதைக்கிறனீங்கள்.”

அதற்கும் சிரித்தேன். அவனும் சிரித்தான். வீட்டுக்கு வந்து என் மனிசனுக்குச் சொல்லி இன்னொரு தடவை சிரித்தோம். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் எனக்கு உடம்பு கூசுகிறது.

இனி அந்தச் செவ்வாய்க்கிழமை.

இரண்டாம் வருடத்துப் பிள்ளை ஒன்று காலையில் வந்து வாங்கில் இருந்தது. அவளுடைய பெயரை எழுதமாட்டேன். வடக்குக் கரைப் பக்கம், அவ்வளவு போதும். அவளுக்குப் பின்னால் வந்த மூன்று பேரை “நீங்கள் முதல் போங்கோ” என்று உள்ளே அனுப்பினாள். நல்ல பழக்கம் உள்ள பிள்ளை என்று நினைத்தேன். எல்லோரும் போய் முடிந்த பிறகுதான் உள்ளே வந்தாள்.

“தலையிடி மிஸ்.”

“எப்ப தொடக்கம்?”

“ஞாயிற்றுக்கிழமை தொடக்கம்.”

கைலேஞ்சித் துணியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். நான் அப்போது வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். பதிவுப் புத்தகத்தை இழுத்து வைத்தேன். உங்களுக்குத் தெரியாது, அந்த நாளில் அது மேசையில் திறந்தபடியே கிடக்கும். பெயர், ஊர், நோய் வருத்தம் என்று மூன்று நிரல்.

“எந்த ஊர் பிள்ளை?”

சொன்னாள்.

“அங்கை ஆற்றை மகள்?”

தகப்பன் பெயரைச் சொன்னாள். கடலில் போய் வராதவர். தாயின் பெயரை நானே சொல்லிவிட்டேன்.

“அட, நீர் அவளின்ரை மகளே? நானும் கொம்மாவும் பள்ளிக்கூட விடுதியிலை ஒண்டா இருந்தனாங்கள்.”

“அம்மாவை நல்லாத் தெரியுமோ மிஸ்?”

“தெரியுமோவோ? ஒரு பாயிலை படுத்தனாங்கள். அவள் சைவம், நான் வேதக்காரி. ஆனாலும் என்ரை கிறிஸ்மஸ் கேக்கிலை பாதி அவளுக்குத்தான்.”

அவள் சிரித்தாள். நான் அதைச் சந்தோசச் சிரிப்பு என்று எடுத்துக்கொண்டேன். இரண்டு பனடோல் கொடுத்தேன். நன்றாகச் சாப்பிடச் சொன்னேன். கதவடியில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

“டொக்டர் எப்ப வருவா மிஸ்?”

“வியாழக்கிழமை. ஏன், தலையிடிக்கு டொக்டரோ?”

“இல்லை, சும்மா கேட்டனான்.”

அவள் போன பிறகு பார்த்தேன். பனடோல் இரண்டும் வாங்கில் கிடந்தன. மறந்துவிட்டாள் என்று எடுத்துத் திரும்ப அலுமாரிக்குள் வைத்தேன்.

பிழை அதோடு நின்றிருந்தால் ஒருவேளை வியாழக்கிழமையாவது வந்திருப்பாள். அன்று பின்னேரம் எனக்குப் பழைய சிநேகிதியின் நினைவு வந்துவிட்டது. ஒருவரைப் பிடித்து, இன்னொருவரைப் பிடித்து, அவளுடைய போன் நம்பரை எடுத்துவிட்டேன். முப்பது வருடத்துக்குப் பிறகு குரல் கேட்டு இரண்டு பேரும் அழுதோம். எல்லாம் கதைத்து முடிய நான் சொன்னேன்.

“உன்ரை மகளைக் கண்டனான். தலையிடி எண்டு வந்தவள். பிள்ளை மெலிஞ்சு போச்சு, வடிவாக் கவனி.”

அன்பினால் சொன்னது. அதைவிட வேறு காரணம் எனக்கு இருக்கவில்லை. ஆனால் ஒரு பிள்ளை எங்கள் அறைக்கு வந்தது என்பதே அந்தப் பிள்ளையின் விஷயம், அதை எடுத்துக் கொடுக்க எனக்கு உரிமை இல்லை என்பது அன்று என் மண்டையில் ஏறவில்லை. தாய் உடனே மகளுக்குப் போன் எடுத்திருக்கிறாள். மிஸ் சொன்னவ, உனக்கு என்ன வருத்தம் என்று கேட்டிருக்கிறாள். வியாழக்கிழமை வாங்கு நிறைந்திருந்தது. அவள் வரவில்லை. நான் கவனிக்கவும் இல்லை.

இரண்டு மாதத்துக்குப் பிறகு ஒரு காலை, நிலையத்தைத் திறக்கும்போதே ஒரு பிள்ளை வாசலில் நின்றது. அவளோடு ஒரே அறையில் வாடகைக்கு இருப்பவள்.

“மிஸ், ஒருக்கா வாங்கோ. அவளுக்கு ஏலாமக் கிடக்கு.”

என்ன ஏலாமை என்று கேட்டதற்கு அழத் தொடங்கிவிட்டது. இரண்டு ஒழுங்கை தள்ளித்தான் வீடு. அறைக்குள் போனதும் மணத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது. இந்தத் தொழிலில் சில மணங்களை ஒருதரம் அறிந்தால் போதும். யன்னல் எல்லாம் பூட்டி, விரிப்பை மாற்றி, சாம்பிராணி கொளுத்தி மறைக்கப் பார்த்திருக்கிறார்கள். உடம்பு அனலாகக் கொதித்தது. காதலித்தவன் யாரிடமோ கருக்கலைக்கிற குளிசை வாங்கிக் கொடுத்திருக்கிறான். அது முழுதாகச் சரிவரவில்லை. அதன் பிறகு ஒரு வீட்டுக்குக் கூட்டிப் போயிருக்கிறான். அந்த வீட்டில் என்ன செய்தார்கள் என்று அவளுக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அது நடந்து நாலு நாள். சட்டத்துக்குப் பயந்து, பொலிசுக்குப் பயந்து, எல்லாவற்றையும்விட ஊருக்குப் பயந்து அந்த நாலு நாளும் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை.

என்னைக் கண்டதும் சுவர்ப் பக்கம் திரும்பினாள்.

“நீங்கள் வேண்டாம் மிஸ்.”

நான் கையைப் பிடிக்கப் போனேன். இழுத்துக்கொண்டாள்.

“அம்மாவுக்குச் சொல்லிப்போடுவியள்.”

வாசலுக்கு வந்து டொக்டருக்குப் போன் எடுத்தேன். அவளுடைய தாயின் நம்பரும் அதே போனில்தான் இருந்தது. பெற்றவள் வரட்டும், இவ்வளவு பெரிய விஷயத்தை நான் எப்படித் தனியாகச் சுமப்பது என்று ஒரு மனம் சொன்னது. டொக்டர் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்.

“உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. நான் அங்க பேசுறேன். பிள்ளைக்கு இருபத்தொரு வயசு, கையெழுத்து அவளே வைக்கலாம். அவ சொல்லாம யாருக்கும் சொல்லாதீங்க மிஸ். யாருக்கும்.”

ஓட்டோவில் அவளுடைய தலை சிநேகிதியின் மடியில் இருந்தது. நான் சாரதிக்குப் பக்கத்தில் ஒடுங்கிக்கொண்டு இருந்தேன். வழி முழுக்க அவன் கண்ணாடியில் பின்னால் பார்த்தபடி வந்தான். ஆஸ்பத்திரி வாட்டில் எனக்குப் பழக்கமான தாதி ஒருத்தி நின்றாள். மருந்து ஏற்றுவதற்கு நரம்பு தேடிக்கொண்டே கேட்டாள்.

“மிஸ், இது ஆற்றை பிள்ளை? கண்ட முகமாக் கிடக்கு.”

கட்டிலில் கிடந்தவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் சாகும் வரைக்கும் மறக்கமாட்டேன்.

“தெரியாது,” என்றேன். “எங்கடை நிலையத்துக்கு வந்த பிள்ளை. பேர் துண்டிலை இருக்கு.”

அவளைப் பொறுத்தவரையில் நான் செய்த ஒரே சரியான காரியம் அதுதான். இரண்டு மாதம் பிந்திச் செய்தேன்.

உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். கர்ப்பப்பையை எடுக்க வேண்டி வந்தது. இருபத்தொரு வயது.

நான் தாய்க்குச் சொல்லவில்லை. வாடகை வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார். அடுத்த நாள் மத்தியானம் தாய் வாட்டு வாசலில் வந்து நின்றாள். அவளைக் காதலித்த அந்தப் பொடியன் அதுவரை ஆஸ்பத்திரி வாசல் படலையடியில் நின்றவன், தாயைக் கண்டதும் போய்விட்டான், பிறகு ஒருவரும் அவனைக் காணவில்லை. அவள் என்னைப் பார்த்தாள். முப்பது வருடத்தில் நாங்கள் முகத்தோடு முகம் பார்த்தது அன்றுதான். சத்தம் போடவில்லை, அழவில்லை.

“தலையிடிக்குப் போன் எடுத்தனி,” என்றாள். “இதுக்கு எடுக்கேல்லை.”

இதற்கு எடுக்காதது சரி, தலையிடிக்கு எடுத்ததுதான் பிழை என்று ஒரு தாய்க்கு வாட்டு வாசலில் நின்று எப்படி விளங்கப்படுத்துவது? அவள் என்னைத் தாண்டி உள்ளே போனாள். அதற்குப் பிறகு என்னோடு கதைக்கவில்லை. என் மகளின் கல்யாணத்துக்குக் கார்ட் அனுப்பினேன், வரவில்லை.

ஒரு கிழமை கழித்து டொக்டர் என்னைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

“மிஸ், அவ ஒரு விஷயம் சொன்னா. உங்ககிட்ட சொல்லலாமான்னு கேட்டேன். சொல்லுங்கன்னா.”

அந்தச் செவ்வாய்க்கிழமை அவள் வந்தது அவசரக் கருத்தடைக் குளிசை கேட்கத்தான். ஞாயிற்றுக்கிழமை நடந்தது. மூன்று நாளைக்குள் போட வேண்டும் என்று எங்கேயோ வாசித்திருக்கிறாள். திங்கட்கிழமை டொக்டர் நிற்கிற நாள்தான், ஆனால் அன்று முழுக்க வகுப்பறையில் இருந்து யோசித்திருக்கிறாள். மருந்துக்கடைக்குப் போகப் பயம், தகப்பனின் தம்பியான சின்னையாவின் கூட்டாளி அங்கே நிற்கிறார். செவ்வாய்க்கிழமை துணிந்து எங்களிடம் வந்தாள். வியாழக்கிழமை வரை பொறுத்தால் நாலு நாளாகிவிடும் என்று கதவடியில் நின்று எண்ணிப் பார்த்திருக்கிறாள்.

அந்தக் குளிசை என் முதுகுக்குப் பின்னால் அலுமாரியில் இருந்தது. இரண்டாம் தட்டு, இடது பக்கம். அவள் மறந்துவிட்டுப் போன பனடோலை வைக்கும்போது அந்தப் பெட்டியைத் தள்ளித்தான் வைத்தேன். கொடுப்பதற்கு எனக்கு அனுமதி இருந்தது, பயிற்சி இருந்தது, சான்றிதழ் சுவரில் தொங்கியது. அவளிடம் “வேறை ஏதும் சொல்ல இருக்கோ பிள்ளை” என்று ஒரு வசனம் கேட்டிருந்தால் போதும். நான் அவளுடைய அம்மாவோடு கேக் தின்ற கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வேலையை விடப் போகிறேன் என்று டொக்டரிடம் சொன்னேன். அவர் என்னைத் தேற்றவில்லை. “விட்டா அடுத்ததா வர்றவங்களும் ஊர்தான் கேப்பாங்க” என்று மட்டும் சொன்னார். அதனால் இருந்தேன்.

பதிவுப் புத்தகத்தில் ஊர் நிரலைக் கோடு போட்டு அடைத்தேன். பிறகு புத்தகத்தையே மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டு, பிள்ளைகளுக்கு இலக்கத் துண்டு கொடுக்கத் தொடங்கினோம். டொக்டர் இல்லாத நாளிலும் எந்தக் குளிசை கிடைக்கும் என்பதை வாசலில் எழுதி ஒட்டினோம். சிலர் முகத்தைச் சுளித்தார்கள், ஒருவர் வந்து கிழித்தும் போட்டார். திரும்ப ஒட்டினோம். இதெல்லாம் சுலபம். வாயைக் கட்டுவதுதான் கஷ்டம். ஒரு பிள்ளை “மிஸ்” என்று கூப்பிடும்போதே அந்த இழுவையில் எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரிந்துவிடும். கேள்வி தொண்டை வரை வரும், விழுங்குவேன். தெரிந்த பிள்ளையை வெளியில் கண்டால் முந்திக்கொண்டு சிரிக்கமாட்டேன். அது சிரித்தால் நானும் சிரிப்பேன். எனக்குச் சிடுமூஞ்சி என்று பட்டம் வைத்தார்கள். தனிமையில் வாடுகிற பிள்ளைகளும் வந்தன, ஊரைக் கேட்டால் முகம் மலர்ந்திருக்கும் என்று தெரியும். அவர்களிடமும் கேட்கவில்லை. யாருக்கு அது ஆறுதல், யாருக்கு அது கத்தி என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தெரியாது. தெரியும் என்று நினைத்திருந்தவள்தான் நான்.

அவள் ஒரு வருடத்தை இழந்து திரும்ப வந்து படித்தாள். பல்கலைக்கழக வளவுக்குள் தூரத்தில் காண்பேன். என்னைக் கண்டால் மற்றப் பக்கத்தால் போய்விடுவாள். அவள் செய்தது சரி. நான் போய் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் எனக்குத்தான் ஆறுதல், அவளுக்கு இன்னொரு தடவை அதே நோவு.

அவளுடைய கடைசி வருடம் என்று நினைக்கிறேன், ஒரு செவ்வாய்க்கிழமைதான். டொக்டர் இல்லாத நாள். வாங்கில் ஒருவரும் இல்லை. வெளியே இரண்டு பேர் மெல்லக் கதைக்கிற சத்தம் கேட்டது. ஒன்று அழுகிற குரல்.

“எனக்குப் பயமாக் கிடக்கு அக்கா. அவ எங்கடை ஊருக்குக் கிட்டத்தானாம்.”

“பயப்படாமப் போ,” என்றது மற்றக் குரல். “அவ ஊர் கேக்கமாட்டா.”

எனக்கு அந்தக் குரல் தெரியும். “நீங்கள் வேண்டாம் மிஸ்” என்ற அதே குரல். கதிரையை விட்டு எழும்பினேன். திரைச்சீலைக்குக் கீழே இரண்டு சோடிக் கால்கள் தெரிந்தன. ஒரு சோடி உள்ளே வரத் திரும்பியது, மற்றச் சோடி அங்கேயே நின்றது. ஒரு எட்டு வைத்தால் போதும், முகத்தைப் பார்த்திருக்கலாம். திரும்பக் கதிரையில் இருந்தேன்.

சின்னப் பிள்ளை ஒன்று, முதலாம் வருடமாக இருக்க வேண்டும், உள்ளே வந்து கைகளைப் பிசைந்துகொண்டு நின்றது.

“தலையிடி மிஸ்,” என்றது.

“சரி,” என்றேன். “கதவைச் சாத்திப்போட்டு இரும்.”